265 டயருக்கு 2 அங்குல லிஃப்ட் போதுமா?

ஜனவரி 8, காலை (கேட்டவர்)

லேடர் சேஸிஸ் (ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம்) வண்டி. முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு), நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். இப்போது 225/75 ஆர்16 டயர் இருக்கிறது. 265/75 ஆர்16 போடப்போகிறேன். 2 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் மாற்றம்) போட்டால் 2 அங்குலம் இடம் கிடைக்கும், டயரின் ஆரம் 1 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, ஆக எங்கும் உரசாது என்பது என் கணக்கு. சரிதானே?

ஜனவரி 8, இரவு

சரியில்லை. என் வண்டியும் இதே அமைப்புதான். நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் டயர் வாங்கினேன்.

லிஃப்ட், வண்டி நிற்கும்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாற்றுகிறது. பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஆக்ஸில் எதுவரை ஏறும் என்பதைப் பம்ப் ஸ்டாப் முடிவு செய்கிறது. அந்த ரப்பர் கட்டை பழைய இடத்திலேயே இருந்தால், 2 அங்குல லிஃப்ட் போட்டாலும் 4 அங்குலம் போட்டாலும் சக்கரம் கடைசியில் ஏறி நிற்பது அதே உச்சியில்தான். அந்த உச்சியில் பழைய டயருக்கு 12 மி.மீ. இடைவெளி இருந்ததென்றால், ஆரம் 30 மி.மீ. கூடிய டயர் மட்கார்டைக் கடிக்காமல் எங்கே போகும்?

பட்டறை வாசலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டு "உரசவில்லை" என்று சொல்வதெல்லாம் பரிசோதனையே இல்லை.

ஜனவரி 9

எண்களை எழுதிவிடுகிறேன். 225/75 ஆர்16, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம்: பக்கச்சுவர் 168.75 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 337.5. அதோடு ரிம் 406.4. மொத்த விட்டம் ஏறக்குறைய 744 மி.மீ. அதே கணக்கில் 265/75 ஆர்16 என்பது 804. வித்தியாசம் 60. அதில் பாதி, 30 மி.மீ., ஆக்ஸிலுக்குக் கீழே தரை இடைவெளியாகக் கிடைக்கிறது.

இதைக் கவனியுங்கள்: ரிஜிட் ஆக்ஸில் வண்டியில் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் உள்ள கியர் பெட்டி) உருண்டையைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். லிஃப்ட் கிட் அதை ஒரு மி.மீ. கூடத் தூக்காது. பாறையில் டிஃபரன்ஷியல் இடிக்கிறது என்று லிஃப்ட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறையும் அதே பாறையில் அதே இடம்தான் இடித்தது.

ஜனவரி 11

எனக்கு நடந்தது. 50 மி.மீ. உயர ஸ்பிரிங், அதற்கேற்ற நீள ஷாக், 265 டயர். சாலையில் மூன்று வாரம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் ஓர் ஓடையைக் குறுக்காகக் கடந்தேன். இடது முன்சக்கரம் மேலே ஏறி, வலது கீழே தொங்க, ஸ்டியரிங் பாதி ஒடித்த நிலை. "கர்ர்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள் லைனர் கிழிந்து தொங்குகிறது, அதற்குப் பின்னாலிருந்த வயர்க்கட்டின் உறை தேய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு பள்ளம் அதே மாதிரி வந்திருந்தால் வயர் அறுந்திருக்கும்.

இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதும் ஒன்று மட்டும் ஏறுவதும் ஒன்றல்ல. ஒன்று மட்டும் ஏறும்போது ஆக்ஸில் சாய்கிறது, டயரின் மேல் ஓரம் உள்ளே சாய்ந்து வருகிறது. அதனால் வண்டியைச் சமமாக அமுக்கி எடுத்த அளவும் முழு உண்மையைச் சொல்லாது.

ஜனவரி 11, பிற்பகல்

காலையில் எழுதியதையும் 8ஆம் தேதி எழுதியதையும் சேர்த்துப் படித்தால், லிஃப்டால் டயருக்குப் பயனே இல்லை என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. அது தவறு. திருத்திவிடுகிறேன்.

ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பை எட்டுவதற்கு முன் மேல்நோக்கி 90 மி.மீ. நகரும் என்று வையுங்கள். பெரிய டயருக்காகப் பம்ப் ஸ்டாப்பை 30 மி.மீ. நீட்டினால் மீதி 60. சாதாரண மேடு பள்ளத்திலேயே கட்டையில் இடித்து முதுகு நோகும். 50 மி.மீ. லிஃப்டும் சேர்த்துப் போட்டால் 90 + 50 - 30, அதாவது 110. இப்போது டயருக்கும் இடம், ஸ்பிரிங்குக்கும் பயணம். ஆகவே டயருக்கு இடம் தருவது பம்ப் ஸ்டாப், அந்தப் பம்ப் ஸ்டாப் திருடிய பயணத்தைத் திருப்பித் தருவது லிஃப்ட். இரண்டும் ஜோடி. கிட் பெட்டியில் பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு இல்லை என்றால் அது பாதி கிட்.

நீள ஷாக் பற்றியும் ஒரு வார்த்தை. விரிந்த நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அமுங்கிய நீளத்தைப் பாருங்கள். ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் முழுக்க அமுங்கிவிட்டால் அடி முழுவதும் ஷாக்கின் உடம்பில் விழும். அது சீக்கிரமே ஒழுகும், இல்லாவிட்டால் தாங்கும் காதே பிய்ந்துவிடும்.

ஜனவரி 15

லிஃப்ட் போட்டபின் ஸ்டியரிங் "லேசாக" ஆகிவிட்டது என்று சிலர் மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். மகிழ வேண்டிய விஷயம் இல்லை. கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் 800 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லிஃப்டுக்கு அது ஏறக்குறைய மூன்றரை டிகிரி கீழ்நோக்கிச் சாய்கிறது. ஆர்மோடு இறுக்கமாகக் கட்டப்பட்ட ஆக்ஸிலும் அதே அளவு சுழல்கிறது. கம்பெனி கொடுத்த கேஸ்டர் 4 டிகிரி என்றால் மிச்சம் அரை டிகிரி. திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி இடமும் வலமும் அலையும், கை ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது. துளை மையம் தள்ளிய புஷ் (ஆர்மின் இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) போடலாம், அல்லது ஆர்ம் பிராக்கெட்டைக் கீழே இறக்கலாம். புஷ் ஓரளவுக்குத்தான் திருத்தும். பிராக்கெட் நன்றாகத் திருத்தும், ஆனால் தொங்கிக்கொண்டு பாறையில் மாட்டும். நான் புஷ் போட்டேன். 50 மி.மீ. வரை அதுவே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது பான்ஹார்ட் ராட். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அது. 850 மி.மீ. ராட், இரண்டு முனைகளுக்கும் இடையே 80 மி.மீ. உயர வித்தியாசம். அது 130 ஆகும்போது ஆக்ஸில் ஒரு பக்கம் 6 மி.மீ. தள்ளிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாது. டயருக்கு ஒரு பக்கம் 6 மி.மீ. குறைந்தது என்பது உரசும்போது தெரியும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் டிராக் லிங்கில் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) ஸ்டியரிங் சக்கரத்தை நேராக்குங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஜனவரி 16

பிரேக் ஹோஸை மறந்தேன். ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, ஹோஸ் நரம்புபோல இழுபட்டு நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஏ.பி.எஸ். வயரையும் டிஃபரன்ஷியல் காற்றுக் குழாயையும் அப்படியே. இதைச் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஜனவரி 20

"டெத் வாபிள்" வந்தது, வீல் பேலன்ஸ் செய்தேன், போகவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் வந்தது. மணிக்கு 75 கி.மீ. வேகம், ஒரு சிறிய ஜாயின்ட் மேட்டில் ஒரே ஒரு தட்டு. அடுத்த விநாடி ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல ஆடியது. டேஷ்போர்டு முழுக்க நடுங்கியது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, மெல்லக் குறைத்து ஓரம் கட்டினேன். இறங்கியபின்தான் முழங்கால் நடுங்குவது தெரிந்தது.

பட்டறையில் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது. திரும்ப வந்தது. டேம்பர் நோயை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். கடைசியில் நானே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் ஓட ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு வெடுக் வெடுக்கென்று ஆட்டச் சொல்லிப் பார்த்தேன். பான்ஹார்ட் ராடின் சேஸிஸ் பக்க போல்ட் அசைந்தது. துளை முட்டை வடிவமாகியிருந்தது. பிராக்கெட்டில் புதிய பிளேட் பற்றவைத்து, சரியான அளவு போல்ட் போட்டபின் இன்றுவரை வரவில்லை.

அந்தத் துளை ஏன் தேய்ந்தது என்று யோசித்தேன். லிஃப்ட் போட்டவர்கள் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்களை முறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் உள்ள எந்த ஆர்மாக இருந்தாலும், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே கிடந்து கிழியும், அப்புறம் இரும்போடு இரும்பு மோதும். 100 கி.மீ. ஓட்டியபின் எல்லாப் போல்ட்டையும் வீல் நட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.

ஜனவரி 24

முன்னால் தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்காரர்கள் கேட்டதற்கு. நான் அந்த வகையில் சொந்தமாக வேலை செய்ததில்லை, நண்பரின் வண்டிக்கு உதவியதோடு சரி. அங்கே ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசரின் தடிமனும் சக்கரத்தில் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல. ஸ்ட்ரட் ஆர்மின் நடுப்பகுதியில் நிற்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 50 மி.மீ. ஸ்பேசர் வாங்கி வந்து 50 உயரும் என்று நினைத்தால் ஆக்ஸில் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் (கோணத்திலும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் இணைப்பு) செங்குத்தாகத் தொங்கி, அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறிக்கும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு: ஷேக்கிளை (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் பட்டை) 50 மி.மீ. நீட்டினால் பாதிதான், 25 மி.மீ. உயரும். முன் ஆக்ஸிலில் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அது நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை.

பிப்ரவரி 2

இனி டயரின் எடை. வீட்டுத் தராசில் நிறுத்தேன்: பழைய சக்கரம் ரிம்மோடு 25 கிலோ, புதியது 36. சக்கரத்துக்கு 11 கிலோ, அதுவும் சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. விட்டம் 8 சதவீதம் கூடியதால் கியர் எல்லாம் 8 சதவீதம் நீண்டுவிட்டதாக வண்டி உணரும். ஏற்றத்தில் ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம். பாறையில் லோ ரேஞ்சில் (மெதுவாக ஊர்வதற்கான தாழ் கியர்) ஊர்ந்து இறங்கும்போதும் அதே 8 சதவீதம் வேகம் கூடும், அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது.

டிஃபரன்ஷியலில் 3.73 விகிதம் இருந்தால், பழைய உணர்வு வர 4.03 வேண்டும். கிடைப்பது 4.10. அதைப் போட்டால் கணக்கு முடிந்தது. முன்னும் பின்னும் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீலில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) உடையும்.

பிரேக்கும் மறக்க வேண்டாம். காலில் அதே அழுத்தம், டிஸ்கில் அதே பிடிப்பு. ஆனால் ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏழரை சதவீதம் குறைவு. பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உள்ள வண்டி என்றால் இன்னொன்று: பின்பக்கம் உயர்ந்ததும் அந்த வால்வு "வண்டியில் சுமை இல்லை" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லிஃப்ட் அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் நகர்த்த வேண்டும்.

பிப்ரவரி 3

மைலேஜ் 15 சதவீதம் விழுந்தது என்று வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். அது தவறான கணக்கு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 108இல் போகிறது. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துத்தான் எண்ணுகிறது. ஓடிய தூரத்தை 1.08ஆல் பெருக்கினால் உண்மையான இழப்பு 8 சதவீதம்தான். சர்வீஸ் இடைவெளிக்கும் இதே பெருக்கல்தான்.

பிப்ரவரி 10

ரிம். அகலமான ரிம் வெளியே தள்ளி நின்றால் கம்பீரம் என்று எல்லோருக்கும் ஆசை. 7 அங்குலம் ஈ.டி. 45 (ஈ.டி. என்பது ஆஃப்செட்: வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது) இருந்த இடத்தில் நான் 8 அங்குலம் ஈ.டி. 20 போட்டேன். ஆஃப்செட் 25 மி.மீ. மாறியது, டயர் பக்கத்துக்கு 20 மி.மீ. அகன்றது. ஆக வெளி ஓரம் 45 மி.மீ. வெளியே வந்தது. உள் ஓரம் ரேடியஸ் ஆர்மை விட்டு 5 மி.மீ. மட்டும் விலகியது.

அந்த 45தான் வினை. ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் அடிக்கிறது. பம்பரின் மூலையும், முன் வளைவின் பின்பக்கக் கீழ் மூலையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். கல்லில் மோதினால் ஸ்டியரிங்குக்கு வரும் உதையும் கூடும், வீல் பேரிங் சுமையும் கூடும். இன்று வாங்குவதாக இருந்தால் பழைய ரிம்மின் ஈ.டி.யிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் விலக மாட்டேன். அப்போது உள்பக்கம் ஆர்மில் தொடும் என்பீர்கள். ஸ்டியரிங் நாக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் பாகம்) உள்ள ஸ்டாப் போல்ட்டைச் சிறிது வெளியே எடுத்தால் போதும். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், டயர் பிழைக்கும்.

பிப்ரவரி 19

பாடி லிஃப்டைப் பற்றிக் கேவலமாகப் பேசும் கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது மனம் மாறிவிட்டது.

சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே 25 மி.மீ. கட்டை. ஆக்ஸில், ஆர்ம், ஷாஃப்ட் எதுவும் நகரவில்லை, அதனால் கேஸ்டர் அப்படியே, பான்ஹார்ட் அப்படியே, யுனிவர்சல் ஜாயின்ட் கோணமும் அப்படியே. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேஸிஸும் உயரவில்லை. ஆனால் மட்கார்டு பாடியோடு சேர்ந்து மேலே போய்விட்டது, பம்ப் ஸ்டாப்போ சேஸிஸோடு கீழேயே நின்றுவிட்டது. ஆகவே உச்சியில் அமுங்கும்போதுகூட டயருக்கு முழு 25 மி.மீ. கிடைக்கிறது. முதல் நாள் கேட்டவரின் "லிஃப்ட் அளவுக்கு இடம்" என்ற கணக்கு உண்மையில் பொருந்துவது பாடி லிஃப்டுக்குத்தான்!

25க்கு மேல் போனால் தொல்லை ஆரம்பம். ஸ்டியரிங் ஷாஃப்ட் இணைப்பு, எரிபொருள் நிரப்பும் குழாய், கியர் லீவர், ரேடியேட்டர் ஃபேன் உறை, எர்த் வயர் என்று ஒவ்வொன்றும் இழுக்கும். பழைய வண்டியின் பாடி போல்ட்கள் துருவேறி, கழற்றும்போது முறியும். ஒரு வாரம் முன்பே துரு எண்ணெய் ஊற்றி வையுங்கள்.

மார்ச் 5

சாய்வில் ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியம், எல்லோரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அகலம் 1550 மி.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 700 என்றால், அசையாமல் நிற்கும் வண்டி கவிழும் கோணம் ஏறக்குறைய 48 டிகிரி. டயரும் லிஃப்டும் சேர்ந்து மையத்தை 75 மி.மீ. தூக்கினால் அது 45. இது காகிதக் கணக்கு. உண்மையில் ஸ்பிரிங் சாயும், சக்கரம் ஒரு கல்லில் ஏறும், கூரையில் சுமை இருக்கும், எல்லாம் சேர்ந்து இதைவிட வெகு முன்பே புரட்டிவிடும். 3 டிகிரிதானே என்று விடாதீர்கள். பக்கச் சாய்வில் பயம் தொடங்கும் இடத்துக்கும் கவிழும் இடத்துக்கும் நடுவே நமக்கிருக்கும் கையிருப்பே சில டிகிரிகள்தான்.

மார்ச் 6

மணலில் சிக்கியதாக எழுதியவருக்கு: லிஃப்ட் அங்கே உதவாது. 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 16க்கு இறக்கிப் பாருங்கள். டயர் தரையில் பதியும் தடம் நீளமாகும், வண்டி மிதக்கும். உயரமான பக்கச்சுவர் இருப்பதன் உண்மையான லாபம் இதுதான். கூர்மையாகத் திருப்பாதீர்கள், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். சாலைக்கு வரும் முன் காற்றை நிரப்புங்கள். சில நாள் நினைப்பேன், என் வண்டிக்கு லிஃப்டுக்கு முன் ஒரு நல்ல கம்ப்ரெசர் வாங்கியிருக்க வேண்டும் என்று.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார், படித்ததும் மனம் நிறைந்தது. முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, ஒரு பக்கம் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, மறுபக்கம் தொங்கவிட்டு, இரவல் வாங்கிய 265 சக்கரத்தை மாட்டி, டயரில் சாக்பீஸ் பூசி ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். லைனரில் இரண்டு இடத்தில் வெள்ளைத் தடம். டயர் உச்சியில் லைனருக்குள் 22 மி.மீ. நுழைகிறதாம்.

அப்படியென்றால் 22, அதன்மேல் சேறு ஒட்டவும் ரப்பர் நசுங்கவும் 10, மொத்தம் 32 மி.மீ. பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு. அல்லது 245/75 ஆர்16. அதன் விட்டம் 774, ஆரம் 15 மி.மீ.தான் கூடும். உச்சியில் 7 மி.மீ. நுழையும். 20 மி.மீ. நீட்டிப்பு தாராளமாகப் போதும், லிஃப்ட் 30 போதும். கேஸ்டர் இரண்டு டிகிரி அளவுதான் குறையும், புஷ்ஷே முழுதாகச் சரிசெய்துவிடும். கியர் 4 சதவீதம்தான் நீளும், டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டாம். ஸ்டெப்னியும் பின்கதவில் தொந்தரவில்லாமல் உட்காரும். எந்த அளவு போட்டாலும் ஸ்டெப்னி அதே அளவாக இருக்கட்டும். பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 14

என் 265கள் தேய்ந்து முடிந்தன. 245/75 போட்டேன், பழைய 7 அங்குல ரிம்மில். லிஃப்ட் ஸ்பிரிங்கை மாற்றவில்லை, அதற்கு அவசியம் தெரியவில்லை. தரை இடைவெளியில் 15 மி.மீ. போயிற்று. அதே ஓடையில், அதே இடத்தில் இறக்கினேன். ஒரு கல்லில் மட்டும் டிஃபரன்ஷியல் தட்டியது, முன்பு தட்டாத கல். மட்கார்டுப் பக்கம் சத்தமே இல்லை.

265க்காக நான் போட்ட பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு இன்னும் 35 மி.மீ.யிலேயே இருக்கிறது. 20க்கு வெட்டலாம் என்று நினைக்கிறேன், சாக்பீஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.